சீச்சீ அண்ணன் வாங்கிய வீடு

என் வீட்டுக்காரருக்குச் சீச்சீ அண்ணன் என்று பேர். பெற்றவர்கள் வைத்த பேர் ஒன்று இருக்கிறது, அது பத்திரத்தில் கையெழுத்துப் போட மட்டும்தான் வெளியே வரும். முப்பத்திரண்டு வருஷமாக எலக்ட்ரீஷியன் வேலை. எந்த வீட்டுக்குப் போனாலும் சுவிட்ச் போர்டின் ஸ்குரூவைக் கழற்றி மூடியைத் தூக்கியதுமே முகத்தைச் சுளித்துக்கொண்டு "சீச்சீ" என்பார். பக்கத்தில் நிற்கிற வீட்டுச் சொந்தக்காரர், தன் அழுக்குத் துணியை யாரோ நடுத்தெருவில் உதறியது போல நெளிவார். அவருடைய அடுத்த கேள்வி, இதைச் செய்தது கையா காலா என்பதுதான். இதைக் கேட்பதற்கென்றே அவரைத் திரும்பத் திரும்பக் கூப்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள். மனிதர்களின் ரசனையை என்னவென்று சொல்ல.

அவர் வேலை சுத்தம். அதை நான் மறுக்கமாட்டேன். சுவரில் ஒரு கீறல் இருக்காது, தரையில் ஒரு துளி சிமெண்ட் இருக்காது. ஒயர் முனையை இரண்டாக மடித்துத்தான் முடுக்குவார். பின்னால் வருகிறவனுக்கு உதவட்டும் என்று சுவிட்ச் பெட்டிக்குள் மூன்று விரல் நீளத்துக்கு ஒயரை மிச்சம் விட்டுச் சுருட்டுவார். அந்தச் சுருள் பிரியாமல் இருக்க, உரித்த சிவப்பு ஒயரின் மேல்தோலிலேயே சின்ன வளையம் செய்து மாட்டுவார். வேறு யாரும் இதைச் செய்து நான் பார்த்ததில்லை. வீட்டிலும் அதே புத்திதான். சர்க்கரைப் பொட்டலத்திலிருந்து துடைப்பக் கட்டு வரைக்கும் அந்தச் சிவப்பு வளையம்தான். "தூங்கும்போது அம்மா ஜடைக்கும் மாட்டிடப் போறாரு" என்று மகள் கேலி செய்வாள்.

ஆனால் ஒயரைப் பார்க்கிற கண்ணுக்கு ஆள் தெரியாது. இந்த இடத்தில் ஒரு பாயிண்ட் வேண்டும் என்று காட்டினால் போதும். யாருக்கு, எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்கமாட்டார். ஓட்டை போடுவார், ஒயரை இழுப்பார், கை கழுவிவிட்டு வருவார். அதைப் பெரிய நாணயமாக வேறு நினைத்துக்கொண்டிருந்தார்.

எங்கள் ஒரே மகள் மூன்று மாதத்துக்கு முன்னால் புருஷன் வீட்டிலிருந்து ஒரு பெட்டியோடு வந்து நின்றாள். மாப்பிள்ளை குடிப்பதில்லை, கை நீட்டுவதில்லை. வேளாவேளைக்கு ஆபீஸ் போய் வருகிறவர். போகும்போது இன்டர்நெட் பெட்டியின் கரண்ட் ஒயரை மட்டும் பிடுங்கித் தன் பைக்குள் போட்டுக்கொண்டு போய்விடுவார். அவருக்குக் கோபம் என்றால் அவளுடைய போன் சார்ஜரும் சேர்ந்து போகும். சாயங்காலம் அவள் தப்பே செய்யாமல் மன்னிப்புக் கேட்டால் இரண்டும் திரும்பி வரும். வீட்டிலிருந்தபடியே போனில் வாடிக்கையாளர்களுக்குப் பதில் சொல்கிற ஒரு வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். லைன் அடிக்கடி போகிறது என்று அந்தக் கம்பெனி அவளை நிறுத்திவிட்டது. அந்த வாரம்தான் கிளம்பி வந்தாள்.

இவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஒரு சார்ஜர் ஒயருக்காக யாராவது குடும்பத்த விட்டுட்டு வருவாங்களா?" என்றார். ஒயரைத் தின்று வளர்ந்த மனுஷனுக்கு ஒயர் என்றால் அவ்வளவு இளப்பமா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் வாயைத் திறக்கவில்லை. மாப்பிள்ளை நல்ல இடம் என்று தேடிப் பிடித்தவள் நான்தான். என் மேலேயே எனக்குக் குமட்டிக்கொண்டிருந்த நேரம் அது.

அந்தச் சமயத்தில்தான் வீடு வாங்கினோம். இத்தனை வருஷம் வாடகைக்கு இருந்தவர்களுக்குப் பழைய வீடானாலும் சொந்த வீடு. விற்றது ஒரு வயதான அம்மா. புருஷன் இறந்து ஏழு வருஷம். இரண்டு தெரு தள்ளித் தங்கையோடு இருக்கப் போவதாகச் சொன்னார். சாவியைக் கையில் கொடுக்கும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு விஷயம் சொன்னார்.

"பின்னாடி ரூம்ல லைட் எரியும், ஃபேன் சுத்தும். பிளக்குல மட்டும் கரண்ட் இருக்காதும்மா. அவரு இருந்தவரைக்கும் வரும், போகும். அவரு போனதுக்கப்புறம் வரவே இல்ல."

புருஷனை இழந்த துக்கத்தில் பேசுகிறார் என்று நினைத்துத் தலையை ஆட்டிவிட்டு வந்தேன். இவரிடம் சொன்னேன். ஒயருக்குத் துக்கம் துஷ்டி தெரியாது, போய்ப் பார்த்துக்கொள்கிறேன் என்றார்.

குடிபோன அன்றைக்கே பாதி வீட்டில் கரண்ட் இல்லை. ஹாலில் இரண்டு, சமையலறையில் ஒன்று, பின் அறையில் நாலு என்று ஏழு பிளக் பாயிண்ட் செத்துக் கிடந்தன. அதற்குள் மகளுக்கு வேறொரு கம்பெனியில் அதே மாதிரி வேலை கிடைத்திருந்தது. திங்கட்கிழமை காலை கம்பெனி ஆள் வந்து கம்ப்யூட்டரையும் இன்டர்நெட் பெட்டியையும் மாட்டுவார். சுவரிலேயே எர்த்தோடு பிளக் பாயிண்ட் இருக்க வேண்டும், பக்கத்து அறையிலிருந்து தரையில் இழுத்துவந்த ஒயரில் மாட்டமாட்டார். சத்தம் கேட்காத, கதவு சாத்துகிற அறை வேண்டும். வந்து பார்த்துச் சரியில்லை என்றால் வேலை, பட்டியலில் அடுத்து இருப்பவருக்குப் போய்விடும். முன்பக்கம் முழுக்க பஸ் போகிற ரோடு. பின் அறையை விட்டால் வேறு வழி இல்லை.

மாப்பிள்ளை போன் செய்து, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வந்து கூட்டிக்கொண்டு போகிறேன் என்று சொல்லியிருந்தார். இவர் மகளைக் கூப்பிட்டு உட்காரவைத்துத் தீர்ப்பு எழுதினார்.

"ஞாயித்துக்கெழம சாயங்காலத்துக்குள்ள அந்த ரூம்ல கரண்ட் வந்தா இங்க இருந்து வேலையப் பாரு. வரலன்னா மாப்ளயோட கெளம்பு. அவ்வளவுதான்."

மகள் என்னைப் பார்த்தாள். நான் பாத்திரத்தைப் பார்த்தேன்.

வியாழக்கிழமை ஆரம்பித்தார். சமையலறைப் பிளக்கின் மூடியைத் தூக்கினார். உள்ளே எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் கலந்து தார் மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. அதற்குள்ளிருந்து கரப்பான் பூச்சிகள் குடும்பத்தோடு இறங்கி என் காலடியில் ஓடின. ஒயரும் ஒயரும் சேர்கிற இடத்தில் காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்திரியைச் சுற்றியிருந்தார்கள். அது வெந்து, பழுத்த புண் மாதிரி இருந்தது. இவர் ஐந்து தடவை சீச்சீ சொன்னார். நானும் கணக்குக்கு இரண்டு சொன்னேன்.

ஹாலில் இருந்ததில் ஒன்றுக்கு டெஸ்டரை வைத்தால் சிவப்பாக எரிந்தது, பல்பை மாட்டினால் எரியவில்லை. வருகிற ஒயர் நன்றாக இருக்கிறது, திரும்பிப் போகிற ஒயர் அறுந்திருக்கிறது என்று அர்த்தமாம். தேடிப் போனால் அந்தத் திரும்பிப் போகிற ஒயரைக் குளியலறை விளக்கிலிருந்து காலிங் பெல் ஒயரில் இழுத்திருந்தான் ஒரு புண்ணியவான். இன்னொன்றின் ஓட்டைகளில் எறும்பு வராமல் இருக்க சோப்பைக் குழைத்து அடைத்து, அதன் மேல் பெயிண்டும் அடித்திருந்தார்கள். எறும்பு மட்டும் வந்திருந்தது, கரண்ட் வரவில்லை. எத்தனையோ கை பட்ட வீடு. ஒவ்வொரு கையும் ஒரு அசிங்கத்தை விட்டுவிட்டுப் போயிருந்தது. சனிக்கிழமை மத்தியானத்துக்குள் எல்லாவற்றையும் பிடுங்கி எறிந்து, புது ஒயர் போட்டு, மூன்றுக்கும் உயிர் கொடுத்துவிட்டார்.

அதன்பிறகு பின் அறை. முதல் மூடியைக் கழற்றினார். நான் மூக்கைப் பொத்திக்கொண்டு தயாராக நின்றேன். சீச்சீ வரவில்லை. உள்ளே துடைத்துவைத்த மாதிரி இருந்தது. நாலு பெட்டியும் அப்படித்தான். ஒயர் நல்ல ஒயர், முடுக்கல் நல்ல முடுக்கல். ஆனால் உயிர் மட்டும் இல்லை.

இங்கே டெஸ்டர் எரியவே இல்லை. திரும்பிப் போகிற ஒயர் சரியாக இருந்தது, எர்த்தும் சரியாக இருந்தது. கரண்டைக் கொண்டுவருகிற சிவப்பு ஒயர் ஒன்றுதான் நடுவில் எங்கோ நின்றிருந்தது. மெயினை அணைத்துவிட்டு மெயின் போர்டு பக்கம் ஒவ்வொரு ஒயராக இழுத்துப் பார்த்தார். மற்ற இரண்டும் பைப்புக்குள் லேசாக அசைந்தன. சிவப்பு அசையவில்லை. அது அதே பைப்பில் போகவில்லை, எங்கேயோ சுற்றிக்கொண்டு போகிறது என்றார். புது ஒயர் ஒன்றை இழுத்துவிடுங்களேன் என்று கேட்டேன். என்ன கோளாறு என்று தெரியாமல் ஒயர் இழுக்கிறவன் எலக்ட்ரீஷியன் இல்லை என்று சொல்லிவிட்டு ஏணியில் உட்கார்ந்து டீ குடித்தார்.

எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அரைநாள் வேலை இது. மற்றவர்கள் வீட்டில் இப்படியா டீ குடித்துக்கொண்டிருப்பார்? அந்த அறைக்கு உயிர் வராமல் இருந்தால் மகள் தானாகப் புருஷனோடு கிளம்பிவிடுவாள், நாலு பேர் கேட்கிற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்காது என்று இழுத்தடிக்கிறாரோ? கேட்டே விட்டேன். அவர் தம்ளரை என்னிடம் நீட்டினார். அந்தத் தம்ளரை வாங்கவே கை கூசியது. மகள் பின் அறைச் சுவரைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஏற்கெனவே துடைத்த சுவர்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் என்ன நினைத்தாரோ, ஆறு மணிக்கே ஏணியைத் தூக்கிக்கொண்டார். நடையின் மூலையில், கூரைக்குக் கீழே, பெயிண்டுக்கு அடியில் வட்டமாக ஏதோ மேடு தட்டுப்பட்டது. சுரண்டினால், ஒயர்கள் சந்திக்கிற ஒரு ஜங்ஷன் பெட்டி. மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தவர், கொஞ்ச நேரம் தலையைச் சாய்த்துக்கொண்டே நின்றார். இரண்டு சிவப்பு ஒயர் இருந்தன. ஒன்று மெயினிலிருந்து வந்து முன் படுக்கையறைச் சுவருக்குள் இறங்கியது. இன்னொன்று அதே சுவரிலிருந்து ஏறி வந்து பின் அறைக்குப் போனது.

"போயிட்டுத் திரும்பி வருது" என்றார் ஏணி மேலிருந்து. "அப்படின்னா கீழ ஒரு சுவிட்ச் இருக்கணும்."

முன் படுக்கையறையில் சுவிட்ச் போர்டு ஒன்றுதான். அதில் இருந்த ஐந்து சுவிட்சுக்கும் வேலை தெரியும். ஒயர் இறங்குகிற சுவரில் இருந்தது ஒரு அலமாரி. புருஷன் துணிகளை வைத்திருந்த அலமாரி என்று அந்த அம்மா சொல்லியிருந்தார். இவர் கதவைத் திறந்து பின்பலகையை விரலால் தட்டிக்கொண்டே போனார். நடுத்தட்டில், சட்டை மாட்டினால் மறைந்துபோகிற உயரத்தில், ஓரிடத்தில் மட்டும் சத்தம் மாறியது. அதே நிறப் பெயிண்டில் உள்ளங்கை அளவுக்கு ஒரு சின்னப் பலகை. ஒரு விரல் நுழைகிற பள்ளம். நகர்த்தினால் நகர்ந்தது. உள்ளே இரும்புப் பெட்டியில் ஒரே ஒரு சுவிட்ச் அணைந்து கிடந்தது.

பின் அறையில் சோதனை பல்பை மாட்டிவைத்து மகளை நிறுத்திவிட்டு, மெயினைப் போட்டு, அந்த சுவிட்சைத் தட்டினார்.

"அப்பா, எரியுது" என்றாள் மகள்.

அவர் முகத்தில் வந்த சிரிப்பைச் சொல்ல வேண்டும். கோளாறு கிடைத்த சிரிப்பு மட்டும் இல்லை அது. பலகையின் ஓரத்தைத் தடவித் தடவிப் பார்த்தார். இவ்வளவு பெரிய சுவரில் எங்கே பைப் புதைத்தான் என்றே தெரியவில்லை பார் என்றார். "யாரோ வேல தெரிஞ்சவன் பண்ணிருக்கான்." முப்பத்திரண்டு வருஷத்தில் இன்னொருத்தர் வேலையை அவர் மெச்சி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

மெயினை அணைத்துவிட்டு வந்து, அந்த வேலையை ரசிப்பதற்காகவே சுவிட்சைக் கழற்றி வெளியே இழுத்தார். கூடவே ஒயரும் வந்தது. மூன்று விரல் நீளத்துக்குச் சுருட்டியிருந்தது. சுருள் பிரியாமல் இருக்க ஒரு சின்னச் சிவப்பு வளையம்.

நான் அந்த வளையத்தைப் பார்த்தேன், பிறகு அவரைப் பார்த்தேன். அவர் வளையத்தை உருவி உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

இருபத்திரண்டு வருஷம் முன்னால் ஒரு காண்டிராக்டரிடம் வேலை பார்த்தபோது வேனில் கொண்டுவந்து இறக்கிவிட்ட எத்தனையோ வீடுகளில் இது ஒன்று. அப்போது வாசல் சந்துப் பக்கம் இருந்திருக்கிறது. ரோட்டுப் பக்கத்து ஹாலும் வாசலும் பிறகு கட்டியது. வாங்கும்போது அவருக்கு அடையாளம் தெரியாததில் ஆச்சரியம் இல்லை. தெரிந்த பிறகு எல்லாமே ஞாபகம் வந்தது. அந்த அம்மாவின் புருஷன் பக்கத்திலேயே நின்று இடத்தைக் காட்டினானாம். பெண்டாட்டியைக் கடைக்கு அனுப்பியிருக்கிறேன், அவள் வருவதற்குள் முடிக்க வேண்டும், சுவரில் தடயம் தெரியக்கூடாது என்றானாம். இவர் இரண்டு மணி நேரத்தில் முடித்து, தரையைத் துடைத்து, அலமாரியில் சட்டைகளைக் கூட அவரே திருப்பி மாட்டிவிட்டு வந்திருக்கிறார். கை சுத்தம் என்று அந்த ஆள் தோளில் தட்டினானாம். அதை வேறு இத்தனை வருஷம் ஞாபகம் வைத்திருந்தார்.

"எதுக்குன்னு கேக்கலயா?" என்றேன்.

"கேக்கல."

  சமையலறை எண்ணெய்ப் பிசுக்கும் கரப்பான் பூச்சியும் இதற்கு முன்னால் எவ்வளவோ தேவலை. அதெல்லாம் தெரியாதவன் செய்த அசிங்கம். இது நன்றாகத் தெரிந்தவன் அழகாகச் செய்த அசிங்கம். அந்தக் கையிலிருந்துதான் நான் இத்தனை வருஷம் காய்கறிப் பையை வாங்கி வைத்திருக்கிறேன்.

மத்தியானம் அந்த அம்மாவைப் போய்க் கூட்டிக்கொண்டு வந்தார். வேண்டாம், இந்த வயதில் அந்த அம்மாவுக்கு இது எதற்கு என்று தடுத்துப் பார்த்தேன். அவர் கேட்கவில்லை. இத்தனை வருஷமாக லைனில் கோளாறு என்று நம்பிக்கொண்டிருக்கிறவரிடம் கோளாறு லைனில் இல்லை என்று சொல்ல வேண்டும் என்றார். போவதற்கு முன் சுவிட்சைப் பழையபடி பெட்டிக்குள் மாட்டி, மெயினைப் போட்டு, பின் அறையில் பல்பையும் மாட்டிவைத்தார்.

அந்த அம்மா வந்து அலமாரி முன்னால் நின்றார். இவர் பலகையை நகர்த்திக் காட்டினார். "இதப் போட்டது நான்தாம்மா" என்றார். 

அந்த அம்மா முதலில் இவரைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. கையை நீட்டி சுவிட்சைத் தட்டினார். நடை வழியாகப் பின் அறை வெளிச்சம் தெரிந்தது. மறுபடி தட்டினார், அணைந்தது. நாலைந்து தடவை அப்படியே செய்தார். கடையில் சுவிட்ச் வாங்குகிறவர்கள் சரிபார்ப்பது போல இருந்தது.

"மோட்டார் வெச்ச தையல் மெஷின் தம்பி. அந்த ரூம்லதான் போட்டிருந்தேன்" என்றார். "உக்காந்து அரை மணி நேரம் ஆனா போயிடும். மெஷின் லைன இழுக்குதுன்னு சொல்லுவாரு. அவருகிட்டப் போயி நாலு வார்த்த தணிஞ்சு பேசிட்டு வந்தா, கொஞ்ச நேரத்துல வந்துடும். எனக்கு அப்பக்கூடப் புரியல பாருங்க."

இவர் மெஷின் இருந்த அறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"எனக்குத்தான் கைராசி இல்லன்னு நெனச்சுட்டேன். ஒரு துணியும் நாளைக்குத் தர்றேன்னு சொன்னா தர முடியல. மெஷின வித்துட்டேன்."

செத்துப் போகும்போது அந்த மனுஷன் சுவிட்சை அணைத்துவைத்திருந்தான். அவ்வளவுதான் விஷயம். அதற்குப் பிறகு ஏழு வருஷம் இந்த அம்மா இருட்டு பிளக்கைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அடக்கம் முடிந்த பிறகும் அந்த ஆள் விரலை எடுக்கவில்லை. எவ்வளவு கேவலமான பிறவியாக இருந்தாலும் செத்தவரைப் பற்றித் தப்பாகப் பேசக்கூடாது என்பார்கள். நான் பேசுவேன்.

மகள் அறை வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அந்த அம்மா கிளம்பும்போது அவள்தான் கையைப் பிடித்துத் தெருமுனை வரைக்கும் கொண்டுபோய் விட்டாள். இரண்டு பேரும் வழியில் என்ன பேசினார்களோ, திரும்பி வந்தபோது அவள் முகம் தெளிந்திருந்தது. இவர் அதற்குள் சுவிட்சைப் பிடுங்கிவிட்டு, இரண்டு சிவப்பு ஒயரையும் ஜங்ஷன் பெட்டியிலேயே நேராகச் சேர்த்துவிட்டார். பின் அறையின் நாலு பிளக்கையும் ஒவ்வொன்றாகச் சோதித்தார். அலமாரிப் பலகையை உடைத்து எடுத்தார். சுவரில் கையகலத்துக்கு ஒரு அசிங்கமான ஓட்டை. பூசிவிடுங்கள் என்றேன். இருக்கட்டும் என்றார்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு மாப்பிள்ளை வந்தார். வகிடு கலையாத தலை, இஸ்திரி கலையாத சட்டை, கையில் பிஸ்கட் டப்பா. வீடு நன்றாக இருக்கிறது, காற்று வருகிறது என்றெல்லாம் சொல்லிவிட்டு, மகளின் பெட்டி தயாரா என்று என்னிடம் கேட்டார். அவளிடம் கேட்கவில்லை. நான் பழைய பழக்கத்தில் தண்ணீர் கொண்டுவர உள்ளே திரும்பினேன்.

"பின் ரூம்ல கரண்ட் வந்துடுச்சு மாப்ள" என்றார் இவர். "அவ வரமாட்டா."

மாப்பிள்ளை சிரித்தார். நல்ல சிரிப்பு, அதைப் பார்த்துத்தான் நான் ஏமாந்தேன். "ஒரு ஒயரப் பைல போட்டுட்டுப் போனேன் மாமா. இவ்வளவு சின்ன விஷயத்தப் போயி…"

"சின்ன விஷயம்னுதான் நானும் சொன்னேன்" என்றார் இவர். இன்னும் ஸ்குரூ டிரைவர் கையில் இருந்தது. அதைப் பையில் போட்டுவிட்டுப் பேசினார். "அந்த வேலைய நானே ஒருத்தனுக்குச் செஞ்சு குடுத்திருக்கேன் மாப்ள. ஒரு தப்பு இல்லாம செஞ்சிருக்கேன். அது என்ன வேலைன்னு இன்னைக்குத்தான் பாத்தேன்."

மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். இந்தத் தடவை நான் பாத்திரத்தைப் பார்க்கவில்லை. தண்ணீரும் கொண்டுவரவில்லை. பிஸ்கட் டப்பாவைத் திருப்பிக் கொடுத்தேன். பேச்சு கொஞ்சம் நீண்டது, குரலும் உயர்ந்தது. கடைசியில் மகள் வந்து, "நீங்க கெளம்புங்க" என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். அவர் வாசலில் செருப்பை மாட்டுகிற வரைக்கும் அவள் அங்கேயே நின்றாள்.

மறுநாள் காலை கம்பெனி ஆள் வந்து பெட்டிகளை மாட்டினார். மூடியைக் கழற்றி எர்த் ஒயரைச் சரிபார்த்தவர், வேலை சுத்தமாக இருக்கிறதே, யார் செய்தது என்று கேட்டார். இவர் காதில் விழாதது போல எழுந்து வெளியே போய்விட்டார். ஒன்பது மணிக்கு மகள் கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளிருந்து அவள் யாருக்கோ பொறுமையாகப் பதில் சொல்லிக்கொண்டிருப்பது சன்னமாகக் கேட்டது.

இவர் ஹாலில் டீயைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது போன் வந்தது. பழைய வாடிக்கையாளர். மாடியில் இருக்கிற மருமகள் அறைக்கு மட்டும் தனியாக ஒரு சுவிட்ச் வேண்டும், அது கீழே தன் அறையில் இருக்க வேண்டும் என்கிறார். போனிலிருந்து சத்தம் எனக்கே கேட்டது. வழக்கமாக இவர் கேட்பது எத்தனை மணிக்கு வரட்டும் என்பதுதான்.

"எதுக்கு?" என்றார்.

அந்தப் பக்கம் ஏதோ நீளமாகச் சொன்னார்கள். முழுவதையும் கேட்டார். முகம் சுளிக்கவில்லை, சீச்சீ சொல்லவில்லை. அந்த வேலை நான் செய்வதில்லை, இனிமேல் யாருக்கும் செய்யமாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.  டீ ஆறி ஆடை படிந்திருந்தது.

எனக்கு அவர் மேல் இருந்த அருவருப்பு முழுசாகப் போய்விட்டது என்று பொய் சொல்லமாட்டேன். அலமாரி ஓட்டையைப் பார்க்கும்போதெல்லாம் இன்றைக்கும் கொஞ்சம் வருகிறது. அன்றைக்கு எழுந்துபோய் அந்த டீயைக் கொட்டிவிட்டு வேறு போட்டுக்கொண்டு வந்து கொடுத்தேன்.